பந்தியில் ஒரு பத்தியம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் வாக்கு. மூன்று நாளுக்கு மேல் விருந்தினராய்த் தங்குவதும் தகாது. மூன்று நாளுக்கு மேல் மருந்துண்ணும் நிலை வருவதும் நன்றன்று என்பது அதன் கருத்து. இன்று அந்தக் கணக்கு இரு பக்கத்திலும் பொய்த்துவிட்டது. திருவருகைக் காலத்தின் இறுதி வாரத்தில் தொடங்கும் விருந்து, கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு, மூவரசர் திருநாள், பொங்கல் எனத் தை பிறந்த பின்னும் ஓய்வதில்லை. மருந்தோ, நீரிழிவு என்னும் நோய் வந்தபின் வாழ்நாள் முழுவதும் உடன் வருவது. விருந்தும் மருந்தும் ஒரே இலையில் சந்திக்கும்போது இறைமக்களாகிய நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

நாம் பணியாற்றுவது ஒரு கடற்கரைப் பங்கு. நமக்கு வயது 56. நீரிழிவு நம் உடலில் குடியேறியுள்ளது என மருத்துவர் கண்டு சொல்லி 9 ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரையோடு அவர் ஓர் உணவு முறையையும் எழுதித் தந்தார். சோறு, இட்டிலி, இனிப்பு என மாவுச்சத்து மிகுந்தவற்றைப் பெரிதும் குறைக்க வேண்டும். காய்கறி, கீரை, மீன், முட்டை, பயறு ஆகியவற்றால் வயிற்றை நிரப்ப வேண்டும். ஒரு நாளில் உண்ணும் மாவுச்சத்து மொத்தம் 120 கிராமுக்குள் அடங்க வேண்டும். தனியே உண்ணும் பங்கு இல்லத்தில் இது எளிது. சமைக்கும் அம்மா இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டார். ஆயின் பங்குத்தந்தையின் வாழ்வு பங்கு இல்லத்துக்குள் அடங்குவதன்று. திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், புதுமனை மந்திரிப்பு, நீத்தார் நினைவு நாள் என எங்குச் சென்றாலும் இலை விரிக்கப்படுகிறது. கிறிஸ்து பிறப்புக் காலத்திலோ ஒரே நாளில் 20 வீடுகள். வீட்டுக்கு வீடு ஒரு தட்டு. தட்டில் கேக், அச்சுமுறுக்கு, கலகலா, அதிரசம், முந்திரிக்கொத்து. வீட்டார் அனைவரும் நின்றவாறு நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பர்.

அந்தப் பார்வையைப் புறக்கணிக்க யாரால் இயலும்? விருந்தினர் உள்ளம் அனிச்ச மலரினும் மென்மையானது, முகம் சற்றே வேறுபட்டாலும் வாடிவிடும் என்று வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பல் அதிகாரத்தில் உணர்த்துகிறார். பல ஆண்டுகள் பந்தியில் அமர்ந்த பட்டறிவால் நாம் இதனோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லலாம்: விருந்து படைப்பவர் உள்ளமும் அனிச்சமே, "வேண்டாம்" என்னும் ஒரு சொல்லில் அதுவும் வாடும். அதே வள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டுவதில்லை என்கிறார். இரண்டு அதிகாரங்களையும் எழுதியவர் ஒருவரே. ஆகவே இரண்டையும் ஒருங்கே காக்கும் வழி ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

இலையில் உள்ளது என்ன?

நாம் உண்ணும் மாவுச்சத்து செரித்தபின் பெரும்பாலும் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனை உயிரணுக்களுக்குள் செலுத்த உதவுகிறது. நீரிழிவு உடையோர்க்கு அந்த இன்சுலின் போதாமல் போகிறது. அல்லது சுரந்தும் பயன்படாமல் போகிறது. வாசல் அடைபட்ட வீட்டின்முன் கூட்டம் தேங்குவது போலச் சர்க்கரை இரத்தத்தில் தேங்குகிறது. தேங்கிய சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் அரிக்கிறது. வலி தெரியாமல் அரிப்பதே அதன் கொடுமை.

நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. குழம்புக்கு ஒரு முறை, இரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என விருந்தில் நாம் வாங்கும் சோறு 350 கிராம் எனக் கொண்டால், மாவுச்சத்து 98 கிராம் ஆகிறது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 முதல் 5 கிராம். ஆக, இனிப்பை ஏறெடுத்தும் பாராமல் பந்தியிலிருந்து எழுந்தவரும் ஏறத்தாழ 20 தேக்கரண்டிச் சர்க்கரைக்கு ஈடான மாவுச்சத்தை உண்டே எழுகிறார். பாயசமும் வாழைப்பழமும் சேர்ந்தால், நம் மருத்துவர் ஒரு நாள் முழுமைக்கும் வகுத்த அளவு ஒரே அமர்வில் தீர்ந்துவிடும். மாறாக, ஒரு முட்டையில் மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் குறைவு. மசாலை தடவி வறுத்த மீனில் இல்லை என்றே சொல்லலாம்.

நம் மக்களிடையே ஓர் எண்ணம் வேரூன்றியுள்ளது. வெள்ளைச் சர்க்கரைதான் தீது. கருப்பட்டி எவ்வளவு உண்டாலும் ஒன்றும் செய்யாது என்பர். கருப்பட்டியில் தாதுப் பொருள்கள் சிற்சில கூடுதலாக இருப்பது உண்மையே. ஆயினும் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். சிறுதானியமும் அத்தகையதே. நார்ச்சத்து இருப்பதால் அது பொதுவாக மெதுவாகச் செரிக்கும்; எனினும் அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்தே. பெயர் மாறியதால் அளவு மாறிவிடுவதில்லை.

இது ஒருவர் இருவர் துன்பமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்ற நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு உடையோர் என்றும், மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாயிலில் நிற்போர் என்றும் அது கணித்தது. அதாவது வயது வந்தோருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். இந்தியர் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என அதே ஆய்வின் தொடர்ச்சி 2025இல் தெரிவித்தது. ஆலய வளாகத்தில் நூறு இலைகள் விரிக்கப்படும்போது, அவற்றுள் பத்துக்கு மேற்பட்ட இலைகளின்முன் அமர்வோர் இந்நோயோடு அமர்கின்றனர் என நாம் கொள்ளலாம்.

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறை நேற்று முளைத்ததும் அன்று. இலண்டன் மாநகரில் ஈமச் சடங்குகளை நடத்திக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த வில்லியம் பாண்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விலக்கித் தம் பெருத்த உடல் மெலிந்த கதையை 1863ஆம் ஆண்டு சிறுநூலாக வெளியிட்டார். பிறரைப் பெட்டியில் வைத்து அனுப்புவதே தொழிலாக இருந்தவர் தம் உடலைப் பேணும் வழியைப் பிறர்க்கும் சொன்னது விந்தைதான். 1921இல் கனடா நாட்டின் டொரொண்டோ நகரில் பிரெடரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும்வரை, நீரிழிவுக்கு மருத்துவர் கையிலிருந்த முதன்மையான வழி உணவைக் கட்டுப்படுத்துவதே. எல்லார்க்கும் பொருந்தும் ஒரே அளவு என ஒன்றில்லை என்றும், மாவுச்சத்தைக் குறைப்பது இரத்தச் சர்க்கரையைச் சீராக்கும் என்பதற்குச் சான்றுகள் மிகுதி என்றும் அமெரிக்க நீரிழிவுக் கழகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நம் சித்த மருத்துவ மரபில் பத்தியம் என்னும் சொல் நெடுங்காலமாக வழங்கிவருவதை நாம் அறிவோம். மருந்து பாதி, பத்தியம் பாதி என்று நம் பாட்டிமார் சொல்வது இதனையே.

நோன்பா, பத்தியமா?

"சாமி நோன்பு இருக்கிறார்" என்று பந்தியில் சிலர் நமக்காகப் பரிந்து பேசுவதுண்டு. இல்லை, இது நோன்பன்று. நோன்பு இறைவனை நோக்கியது. பாவத்துக்குப் பரிகாரமாகவும், மனத்தை மேலெழுப்பவும், ஏழையோடு பகிரவும் நாமே விரும்பி ஏற்பது. பத்தியம் உடலை நோக்கியது. நோன்பைப் பெருவிழா நாளில் விட்டுவிடலாம், விடவும் வேண்டும். திருச்சபை கிறிஸ்து பிறப்பு நாளில் நோன்பைக் கேட்பதில்லை. பத்தியத்துக்கோ திருவழிபாட்டு நாள்காட்டி தெரியாது. டிசம்பர் 25 என்பதற்காகக் கணையம் கூடுதலாகச் சுரப்பதில்லை.

எதிர்வாதம் ஒன்று எழலாம். ஆண்டவர் தம் எழுபத்திரண்டு சீடரை அனுப்பியபோது, செல்லும் ஊரில் தங்கள்முன் வைப்பதை உண்ணுமாறு பணித்தார் என்று லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் கூறுகிறதே? அவரே விருந்துகளில் அமர்ந்தவர்; உணவுப் பிரியர் என்னும் பழிச்சொல்லையும் தாங்கியவர். உண்மைதான். ஆயினும் அந்தப் பணிப்பின் சூழலை நோக்க வேண்டும். நல்ல சோறு கிடைக்கும் வீட்டைத் தேடி வீடு வீடாக மாறாதீர்கள் என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது. ஏழையின் கூழையும் செல்வரின் விருந்தையும் வேறுபாடின்றி ஏற்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். எத்தனை அகப்பை என்பதை அது வரையறுக்கவில்லை.

நாம் குருமடத்தில் கற்ற புனித தோமா அக்குவினார், தன்னடக்கம் என்னும் நற்பண்பை ஆராயும்போது மிக நுட்பமாக ஒன்றைக் கூறுகிறார். இவ்வாழ்வின் தேவையே உணவுக்கு அளவுகோல். தேவைக்கு மேற்பட்டவை இருவகைப்படும். உடல்நலத்துக்கு இடையூறானவற்றை அடக்கமுடையோன் தொடுவதே இல்லை. இடையூறு அல்லாதவற்றை இடம், காலம், தன்னோடு வாழ்வோரின் வழக்கம் ஆகியவற்றுக்கு ஏற்ப அளவோடு பயன்படுத்துகிறான். இந்த இறுதிப் பகுதி நமக்கு ஆறுதல் தருவது. உடன் வாழ்வோரின் மகிழ்ச்சியும் அளவுகோலில் ஒரு கோடாக இடம்பெற்றுவிட்டது. பந்தியில் முகம் சுளிப்பவன் தன்னடக்கம் உடையவனாக மாட்டான்.

ஆசீர்வாதப்பர் என நம் முன்னோர் அழைத்த புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்குநூலில் இன்னும் தெளிவாகச் சொல்கிறார். எல்லார்க்கும் ஒரே அளவு கொடுப்பதன்று நீதி. அவரவர் தேவைக்கேற்பக் கொடுப்பதே நீதி. குறைவாகத் தேவைப்படுவோன் இறைவனுக்கு நன்றி கூறட்டும்; மனம் சோரவேண்டாம். மிகுதியாகத் தேவைப்படுவோன் தன் வலுவின்மையை எண்ணித் தாழ்மை கொள்ளட்டும். தனக்குக் காட்டப்பட்ட பரிவால் செருக்குற வேண்டாம். 34ஆம் இயலில் உள்ள இந்த அறிவுரை ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்தது. நம் பங்குகளின் பந்திகளில் இன்றும் இது நடைமுறைக்கு வரவில்லை.

பவுலடியாரிடமிருந்து இரு எச்சரிக்கைகளையும் நாம் பெற்றுக்கொள்ளலாம். உண்ணாதவர் உண்பவரைத் தீர்ப்பிடலாகாது என உரோமையர் திருமுகத்தில் அவர் எழுதுகிறார். பத்தியம் காப்போரிடம் மெல்ல ஒரு பெருமிதம் வந்து குடிகொள்ளும். பக்கத்து இலையை எண்ணத் தொடங்குவோம், "இவ்வளவு சோறா?" என்று புருவம் உயர்த்துவோம். அது நோயினும் தீது. மற்றொன்று கொரிந்தியர் திருமுகத்தில் உள்ளது. தாம் உண்பது உடன்பிறந்தோர் இடறி விழக் காரணமாகுமானால் அதனை உண்ணப்போவதில்லை என்கிறார். நம் பங்கில் ஒரு வீட்டில் இதன் பொருள் நமக்கு விளங்கிற்று. நாம் சிறு துண்டு கேக்கை எடுத்தவுடன் அவ்வீட்டுப் பெரியவர், "பாருங்க, சாமியே சாப்பிடுறாக, சர்க்கரை எல்லாம் சும்மா" என்று சொல்லி இரண்டு பெரிய துண்டுகளைத் தம் தட்டில் வைத்துக்கொண்டார். எடுத்த துண்டின் அளவு அவர் கண்ணில் படவில்லை. எடுத்த கை மட்டுமே பட்டது.

நல்ல நாளும் அதுவுமாக

"நல்ல நாளும் அதுவுமா என்ன பத்தியம்?" இந்தச் சொல்லைக் கேளாத நீரிழிவு நோயாளர் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். அன்பினால் பிறக்கும் சொல் அது. ஆயின் அது செய்யும் வேலையை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

நம் பங்கில் முதிய உபதேசியார் ஒருவர் உள்ளார். மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தவர். ஊரில் எந்த வீட்டு நன்மை தீமையும் அவரின்றி நடைபெறாது. எந்த வீட்டு இலையும் அவரின்றி நிறையாது. யார் எதை வைத்தாலும் மறுக்கமாட்டார். ஒரு முறை தேர்ப்பவனியில் காலணியின்றி நடந்தபோது பாதத்தில் முள் தைத்தது. நரம்பு உணர்விழந்த காலாதலால் அவருக்கு அது தெரியவில்லை. புண் ஆறவில்லை. முதலில் ஒரு விரலை எடுத்தனர். பின்னர் முழங்காலுக்குக் கீழே எடுத்தனர். சென்ற கிறிஸ்து பிறப்பு நாளில் அவர் சக்கர நாற்காலியில் கோவிலுக்கு வந்தார். திருப்பலி முடிந்ததும் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து வாழ்த்திக் கையில் கேக்கை வைத்துச் சென்றனர். மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்து அவர் கேட்டார்: "சாமி, இவுக பாசத்தை நான் எங்க கொண்டு போய் வைக்க?"

அக்கேள்விக்கு நம்மிடம் உடனடி விடை இல்லை. அதன்பின் எழுதிய மறையுரைகளிலெல்லாம் அக்கேள்வி நம்மைத் தொடர்கிறது. அன்பைக் காட்ட நம் சமூகம் அறிந்த மொழி ஒன்றே ஒன்றாகிவிட்டது. அது இனிப்பின் மொழி. அந்த ஒரு மொழியைப் பெற இயலாதவர் அன்பையே பெற இயலாதவர் ஆகிவிடுகிறார்.

மற்றொரு நிகழ்ச்சி. கருவாடு விற்றுப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர். ஊரார் ஆச்சி என்று அழைப்பர். கிறிஸ்து பிறப்புக்கு முன் பயறு வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் தோய்த்துச் சுட்ட முந்திரிக்கொத்தை நமக்கெனத் தனி ஓலைப்பெட்டியில் எடுத்து வைத்திருந்தார். நமக்குச் சர்க்கரை நோய் உண்டென்றும், ஒன்றைப் பிட்டுப் பாதி நாம் உண்டு மறுபாதியை அவர் பேரனுக்குத் தருவோம் என்றும் சொன்னோம். அவர் முகம் வாடவில்லை. நெடுநேரம் நம்மையே பார்த்திருந்துவிட்டு, "எனக்கும் சர்க்கரைதான் சாமி. ஆறு வருசமாச்சு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அடுப்படிப் பக்கமே விடமாட்டாக. பண்டம் சுடாம இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றார்.

ஆறு ஆண்டுகள் மறைத்து வைத்த நோய்! சுடும் ஒவ்வொரு பண்டத்தையும் சுவை பார்த்தே ஆகவேண்டிய கை. நம் வீடுகளில் விருந்து சமைக்கும் அன்னையர் பலர் இந்நிலையினரே. எல்லாரும் உண்டபின் மீந்ததை வீணாக்க மனமின்றி வழித்து உண்பவரும் அவர்களே. நோயை ஒளிப்பதற்குக் காரணம் உணவின்மேல் ஆசை என்று நாம் எண்ணுகிறோம். வீட்டில் தமக்குள்ள இடம் பறிபோய்விடும் என்னும் அச்சமே பலரிடம் காரணமாயிருக்கிறது. ஆச்சி பின்னர் மருமகளோடு மருத்துவரிடம் சென்றார். அடுத்த ஆண்டு நாம் சென்றபோது தட்டில் சுறாப் புட்டு இருந்தது. புட்டு என்னும் பெயர் இருந்தும் அரிசி மாவு சேராதது. வேகவைத்த சுறாமீனை உதிர்த்து வெங்காயமும் பூண்டும் சேர்த்துக் கிளறியது. அடுப்படி இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

கைக்கொள்ளத்தக்க சில

ஒன்பது ஆண்டுப் பழக்கத்தில் பயன் தந்த சிலவற்றை வாசகர்முன் வைக்கிறோம். முதலாவது, பத்தியத்தை இலையின்முன் அமர்ந்து அறிவிக்கலாகாது. அழைக்க வரும்போதே சொல்லிவிட வேண்டும். அப்போது அது மறுப்பாகத் தோன்றாது, வேண்டுகோளாகவே தோன்றும். நம் இல்லத்தரசியர் வேண்டுகோளை நிறைவேற்றுவதில் பெருமகிழ்ச்சி கொள்பவர்கள்.

இரண்டாவது, உண்ணும் வரிசை. நம் பந்தியில் இனிப்பு முதலில் வருகிறது. அதனை இலை ஓரத்தில் இருக்கவிட்டு, காய்கறியையும் மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றையும் முதலில் உண்டு, சோற்றை இறுதியில் சிறிதளவு உண்ணலாம். நியூயார்க் நகரில் 11 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட சிற்றாய்வு ஒன்றில், இவ்வாறு வரிசை மாற்றி உண்டபோது சர்க்கரை ஏற்றம் கணிசமாகக் குறைந்தது. ஆய்வு சிறிதாயினும் நம் பட்டறிவு அதனோடு ஒத்துப்போகிறது. மூன்றாவது, இனிப்பில் தேர்வு. கடையில் வாங்கிய கேக்கை விட்டுவிட்டு, அவ்வீட்டார் தம் கையால் செய்த ஒன்றில் பாதியை மட்டும் எடுத்து, அதனைச் செய்தவரின் பெயரைக் கேட்டுப் பாராட்டி உண்கிறோம். நான்காவது, நடை. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடப்பது, நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதினும் சர்க்கரையைக் குறைக்கவல்லது என நியூசிலாந்து நாட்டின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வு 2016இல் காட்டியது. வீடு சந்திப்பை நாம் வண்டியில் செய்யாமல் நடந்து செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எச்சரிக்கை ஒன்றும் கட்டாயம் தேவை. இன்சுலின் ஊசியோ, கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் திடீரெனச் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்போர் மாவுச்சத்தை மிகக் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் மிகும் பேரிடர் நேரலாம். சிறுநீரகம் பழுதுற்றோர் இறைச்சியையும் பயற்றையும் மிகுதியாக்கலாகாது. பக்கத்து வீட்டார்க்குப் பொருந்திய பத்தியம் நமக்கும் பொருந்தும் என எண்ண வேண்டாம்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு வரும் முதியோர் சிலர் மாலையிலிருந்தே பட்டினியாக வருகின்றனர். நற்கருணை நோன்பு என்பது 1964ஆம் ஆண்டிலிருந்து ஒரு மணி நேரமே. தண்ணீரும் மருந்தும் அந்நோன்பை முறிப்பதில்லை. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அவர்களைப் பேணுவோர்க்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை என்று திருச்சபைச் சட்டத்தின் 919ஆம் பிரிவு கூறுகிறது. சர்க்கரை 70க்குக் கீழ் தாழ்ந்து கை நடுங்கி வியர்த்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோசைத் தண்ணீரில் கலந்து உடனே பருக வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதன்பின் நற்கருணை உட்கொள்ளத் தடை ஏதுமில்லை.

பங்கின் அசனம்

நம் பங்கின் பாதுகாவலர் புனித அந்தோனியார். ஜூன் 13 அவரது திருநாள்; அன்று ஊருக்கெல்லாம் அசனம். அசனத்தில் நீரிழிவு உடையோர்க்கும் இடம் வேண்டும் என்று பங்குப் பேரவையில் நாம் எடுத்துரைத்தோம். முதிய மீனவர் ஒருவர் எழுந்தார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. அந்தத் தடைக்காலத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் நம் அசனம். "ரெண்டு மாசம் வருமானம் இல்லாம உட்கார்ந்திருக்கவன் அன்னைக்குத்தான் சாமி வயிறார உண்கான். அவன் இலையில சோத்தைக் குறைக்கச் சொல்லுதீகளா?" என்றார். மற்றொருவர், "அரிசி ரேஷன்ல சும்மா கிடைக்கு. முட்டையும் கறியும் சும்மாவா கிடைக்கு? இது பணக்காரப் பத்தியம்" என்றார்.

இரண்டும் உண்மை. நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. மீனும் முட்டையும் அங்குக் கிடைப்பதில்லை. ஏழையின் பத்தியத்துக்குத் தடையாக நிற்பது அவன் நாவன்று, அவன் பணப்பையே. இதனை மறந்து பத்தியம் பேசுவது பசித்தவனிடம் நோன்பைப் போதிப்பது போன்றது. பேரவை நெடுநேரம் ஆய்ந்தது. முடிவில், யார் இலையிலும் சோற்றைக் குறைப்பதில்லை எனத் தீர்மானித்தோம். மாறாக, வாணவெடிக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை எடுத்து, எல்லா இலைக்கும் ஒரு கீரைக் கூட்டு, ஒரு பொரியல், ஓர் அவித்த முட்டை சேர்த்தோம். இனிப்பை இலையில் வைக்காமல், விரும்புவோர் எடுத்துச் செல்லுமாறு பந்தியின் வாயிலில் வைத்தோம். சோறு பரிமாறும் இளைஞர் அகப்பையைக் கவிழ்க்குமுன் "எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்க வேண்டும் என்றும் வகுத்தோம்.

மாற்றம் பெரிதன்று. ஆயினும் அந்த ஒரு கேள்வி பந்தியின் இயல்பையே மாற்றியது. பசித்தவர் கூச்சமின்றி "நெறைய வையுங்க" என்றார். நோயுற்றவர் கூச்சமின்றி "ஒரு கரண்டி போதும்" என்றார். இருவரும் ஒரே வரிசையில் ஒரே விருந்தை உண்டு எழுந்தனர். உபதேசியாரின் நாற்காலியருகே அவர் கற்பித்த மாணவர் இருவர் அமர்ந்து, அவரோடு பேசிக்கொண்டே முட்டையை உரித்துக் கொடுத்ததை நாம் கண்டோம்.

உயிர்த்த ஆண்டவர் சீடரிடையே தோன்றி, உண்பதற்கு ஏதேனும் உண்டா என்று கேட்டார். அவர்களிடம் வேகவைத்த மீன்துண்டு இருந்தது. அதனையே ஏற்று அவர்கள் கண்முன் உண்டார். இருந்ததைக் கொடுத்தனர், கொடுத்ததை ஏற்றார். விருந்து என்பது அவ்வளவே. வரும் கிறிஸ்து பிறப்பு நாளில் உங்கள் இல்லத்துக்கு வருவோரிடம், அவர் உங்கள் தாயாகவே இருப்பினும், இலையில் வைக்குமுன் ஒரு சொல் கேளுங்கள். அவர் சொல்லும் அளவை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள். பின்பு அவரருகே அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருங்கள்.